பின்சுவர்க் குழாய்

குடிநீர் நிலையத்தில் சவ்வு வடிகட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். இரண்டையும் சேர்த்து ஜவ்வு என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. டீக்கடையில்கூட விளக்குவார்: கிணற்றுத் தண்ணீரை அழுத்தத்தோடு சவ்வுக்குள் தள்ளினால் நல்ல தண்ணீர் ஒரு குழாயில் வரும், அதிலிருந்த ஆர்சனிக் நஞ்செல்லாம் மிச்சத் தண்ணீரோடு சேர்ந்து இன்னொரு குழாயில் போகும். அதற்குள் டீ ஆறிவிடும்.

அந்த மிச்சத் தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும். நிலையத்துக்குப் பின்னால் தங்கை குடியிருக்கும் தெருவோ லாரித் தண்ணீருக்குக் காத்துக்கிடந்தது. துணி துவைக்க, தரை கழுவ ஆகுமே என்று, யாரையும் கேட்காமல் பின்சுவரில் ஓட்டை போட்டு ஒரு குழாயை நீட்டிவிட்டார். நல்ல மனசுதான், யார் இல்லை என்றார்கள்? 'குடிக்கக் கூடாது' என்று ஒரு போர்டு எழுத நினைத்தார். நினைத்ததோடு சரி.

சில மாதம் கழித்துத் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"உன் புண்ணியத்துல லாரி பின்னாடி ஓடுறது நின்னுபோச்சுண்ணே. தெருவே உன் தண்ணிதான் குடிக்குது."

"எந்தத் தண்ணி?"

"சுவர்ல குழாய் வச்சியே, அதுதான். லேசா உப்புக் கரிக்குது. மெஷின் தண்ணி அப்படித்தான் இருக்கும்னு நாங்களே சொல்லிக்கிட்டோம்."

அவர் பால்பாட்டிலைப் பிடுங்கினார். சட்டையெல்லாம் பால் கொட்டியது. குழந்தை அலறியது.

"அது கழிவும்மா. நாங்க பிரிச்சு எடுக்கிற விஷமெல்லாம் அதுலதான் இருக்கு. நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. அவரைவிட அதைத் தெரிந்தவர் ஊரில் யார்?

தங்கை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "குழாயை நான் போய் மூடுறேன். எதிர்வீட்டுப் பொண்ணு மாசமா இருக்கா. முதல்ல அங்க போய்ச் சொல்லு," என்றாள்.

பால் நனைந்த சட்டையோடு அவர் தெருவைக் கடந்தார். கதவைத் திறந்தவளுக்கு அவரைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. அவர் வாயைத் திறப்பதற்குள், ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடி உள்ளே போய் டம்ளரோடு வந்தாள்.

"நீங்க குடுத்த தண்ணிதாண்ணே. முதல்ல குடிங்க, அப்புறம் பேசலாம்."