தொட்டி விளிம்பில் எறும்பு

சிவப்பு ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். தண்ணீர் உதட்டை எட்டுவதற்குள் குழாயை வாளிக்குள் இறக்கிவிட வேண்டும். நான் எப்போதும் கொஞ்சம் பிந்திவிடுவேன். எழுபதுகளில் தூத்துக்குடியில் கடல் உயிர்களை ஆராயும் ஒரு நிலையத்தில் தற்காலிக உதவியாளனாக இருந்தபோது நான் குடித்த கடல் தண்ணீரைக் காய்ச்சியிருந்தால், ஆறுமுகநேரியில் ஒரு பாத்தி உப்பு கூடுதலாக விளைந்திருக்கும். எல்லாம் எங்கள் ஆபீசர் சாரால் வந்தது.

முன்கூடத்தில் அவர் ஆசையாக வைத்த கண்ணாடித் தொட்டி அது. அடியில் வெள்ளை மணல், மணலில் முத்துச்சிப்பிகள், மேலே இரண்டு மூன்று வண்ணாத்தி மீன்கள். வந்தவர்கள் பார்த்ததோ மணலில் படர்ந்த பாசியைத்தான். செம்பழுப்பு நிறத்தில், ஆறிய பாலில் ஆடை கட்டுவது போல மணல் முழுக்கப் போர்த்திக்கொள்ளும். குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பேன். ஒரு வாரத்துக்குள் பழையபடி வந்து நிற்கும். மணலை அள்ளிக் கழுவினோம், கொதிக்க வைத்தோம், கொட்டிவிட்டு முயல் தீவிலிருந்து புது மணல் கொண்டு வந்தோம். வெளிச்சம்தான் காரணம் என்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினோம். இருட்டில் ஆட்கள் முட்டிக்கொண்டதுதான் மிச்சம். பாசிக்கு ஒரு குறையும் இல்லை.

டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாக இருந்தது. அவரிடம் சார் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என் வேலை நிரந்தரமாகும். ஆத்தூர்ப் பக்கத்தில் எனக்குப் பெண் பேசி வைத்திருந்தார்கள். "வேலை நிரந்தரமாகட்டும், தாம்பூலம் மாத்திக்கிடுவோம்" என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே என் கல்யாணமே அந்த மணலில்தான் புதைந்து கிடந்தது.

சாரோ தினமும் காலையில் தொட்டி முன்னால் நின்று பெருமூச்சு விடுவார். பிறகு என் பக்கம் திரும்புவார். "ஒழுங்கா இரை போடுதியா, அள்ளித் தட்டுதியாடே? துணுக்கு மிஞ்சினாலும் பாசிக்கு அது கல்யாண விருந்து, தெரியும்லா?" இந்தப் பாடத்தை அவர் எடுக்காத நாளே கிடையாது. அவருக்குப் பிடித்த இன்னொரு சொல் மூடநம்பிக்கை. பூனை குறுக்கே போனதென்று ஒரு டிரைவர் வண்டியை நிறுத்தியதற்கு அரைமணி நேரம் பிரசங்கம் செய்தவர் அவர். இரையை நான் சிட்டிகை சிட்டிகையாகத்தான் போட்டேன். அதையும் குறைத்துப் பார்த்தேன். மீன் இளைத்தது, பாசி கொழுத்தது. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

பிறகுதான் ஒரு புதன்கிழமை காலையில் எறும்பைக் கவனித்தேன். தொட்டியின் பின்பக்க விளிம்பில் சிற்றெறும்புகள் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. உப்புத் தண்ணீருக்கு எந்த ஊரில் எறும்பு வரும்? துடைத்து விட்டேன். மறுவாரமும் புதன்கிழமை காலையில் அதே ஊர்வலம். சரி, செவ்வாய்க்கிழமை ஏதோ நடக்கிறது என்று அடுத்த செவ்வாயன்று மதியச் சாப்பாட்டுக்குப் போவது போலப் போய், பாதியில் திரும்பி வந்து எட்டிப் பார்த்தேன்.

தொட்டிக்குப் பின்னால் சார் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். கண் மூடியிருந்தது, உதடு முணுமுணுத்தது. கையிலிருந்த கருப்பட்டியைப் பிட்டுப் பிட்டுத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார்!" என்று கத்திவிட்டேன். "நாலு மாசமா இந்தத் தண்ணியக் குடிச்சு என் வயிறு வெந்து போச்சு சார்!"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார். "மகளுக்கு மூக்கு மேல மருவுடே. பொண்ணு பாக்க வாரவுக காப்பியக் குடிச்சிட்டுப் போயிருதாவ. குளத்துல வெல்லம் கரைச்சா மருவும் கரையும்னு வீட்டுல சொல்லுதா. தெப்பக்குளத்துல போய் நான் நின்னா ஊரு சிரிக்காதா? இதுவும் மீன் கெடக்க தண்ணிதானேன்னு..." வெல்லம் வாங்கினால் யாராவது எதற்கென்று கேட்பார்களாம், அதனால் வீட்டிலிருந்த கருப்பட்டி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணுக்கு இரையே பாசிக்கு விருந்து என்றவர் தொட்டிக்குப் பானகமே கரைத்திருக்கிறார்! ஆனால் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காக ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும்போது என்ன சொல்லித் திட்டுவது? நானும் ஒரு கல்யாணத்துக்காகத்தானே அங்கே குழாய் உறிஞ்சிக்கொண்டிருந்தேன். "அதை இங்கன குடுங்க சார். நான் கடல்ல கரைச்சிட்டு வாரேன். என்னைய எவன் பாக்கப் போறான்" என்றேன். மீதிக் கருப்பட்டியைத் தந்துவிட்டு, "கரைக்கும்போது அவ பேரைச் சொல்லணும்டே" என்றார். அந்த நிலையிலும் மேற்பார்வை!

அதன்பின் செவ்வாய்தோறும் கடற்கரையில் நின்று, நான் பார்த்தேயிராத ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் கருப்பட்டி கரைத்தேன். தொட்டியில் பாசி மெல்ல மெல்ல ஒடுங்கியது. டெல்லிக்காரர் வந்த அன்று மணல் வெளுத்துக் கிடந்தது. எப்படிச் சாதித்தீர்கள் என்று அவர் கேட்க, சார் நெஞ்சை நிமிர்த்தி, "சயின்டிஃபிக் மேனேஜ்மென்ட்" என்றார். என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார், அதை மறுக்கக்கூடாது. வேலை நிரந்தரமானது, தாம்பூலமும் மாற்றினார்கள்.

மறு வருஷம் அவர் மகளுக்குக் கல்யாணம். மணவறையில் அந்தப் பெண்ணின் மூக்கைத்தான் முதலில் பார்த்தேன். மருவின் சுவடே இல்லை. பந்தியில் நான் பாயசத்தில் கை வைத்திருந்த நேரம் சார் குனிந்து காதருகே சொன்னார்: "பாத்தியாடே? மருங்கிறது ஒரு கிருமி. நாளானா தானா உதிர்ந்துரும். இது தெரியாம சனங்க குளத்துல வெல்லத்தக் கொட்டுதாவ. மூடநம்பிக்கை!" கடலில் கரைத்த கருப்பட்டி அத்தனையும் எனக்கு நெஞ்சை அடைத்தது. பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

சார் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. இப்போது என் மகன் வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறான். போன வாரம் அதன் மணலிலும் அதே செம்பழுப்பு ஆடை. விளக்கைக் குறைக்கலாமா, மருந்து விடலாமா என்று மகன் போனில் தேடிக்கொண்டிருந்தான். நான் தொட்டியின் பின்பக்கம் போய் விளிம்பு நெடுகத் தடவிப் பார்த்தேன். "அங்கன என்னப்பா தேடுதீங்க?" என்றான். எறும்பு இல்லை.

பம்பு இருக்கிறது என்று அவன் சொல்லச் சொல்லக் கேளாமல், ஒரு குழாயை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சினேன். வழக்கம்போல் பிந்திவிட்டேன், வாய் நிறைய உப்பு. துப்பிவிட்டு எங்கள் சாரை நன்றாகத் திட்டலாம் என்று வாயெடுத்தேன். இந்தப் பாசிக்கு அவர் காரணமில்லையே என்று நினைத்தபோது அப்படி ஒரு எரிச்சல் வந்தது.