மாமியார் பெயரில் ஒரு பவளப்பாறை

"திரு. பாஸ்காலிஸ் தெத்தோல், மூத்த பவளப்பாறைக் காவலர். அலைகளின் மடியில் வளர்ந்தவர். கடலின் மொழி அறிந்த மூதாதையரின் வாரிசு. நான்கு நாட்டு விஞ்ஞானிகளை ஒரே படகில் ஏற்றியவர்."

கூட்டு ஆய்வுத் திட்டத்தின் வழவழப்பான ஆண்டறிக்கையில், ஒரு முழுப்பக்கப் படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருக்கிறது. படத்தில் அவர் படகுத்துறையில் நின்று தொடுவானத்தை ஊன்றிப் பார்க்கிறார். படமெடுத்தவர் அதைத் தியானம் என்று நினைத்துக்கொண்டார். பாஸ்காலிஸோ, பக்கத்தில் கட்டிப்போட்டிருந்த படகு ஆடுவது கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று பார்வையைத் தூரத்தில் நட்டு வைத்திருந்தார். பட்டால் போதும், காலையில் தின்ற மரவள்ளி ரொட்டி திரும்பி வந்துவிடும்.

இந்தோனேசியாவின் கெய் தீவில் பிறந்தவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் போனால் என்ன செய்வார்? நாற்காலி வாடகைக்கு விடுவார். கல்யாணம், ஞானஸ்நானம், சாவு எதுவானாலும் ஊரில் உட்காரக் கிடைப்பது பாஸ்காலிஸின் நீல பிளாஸ்டிக் நாற்காலிதான். மச்சான்கள் எல்லாரும் மூச்சை அடக்கி முக்குளிக்கும் வீட்டில் பெண்ணெடுத்தவர் கரையில் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருப்பதை, மாமியார் அகுஸ்தினா கல்யாணத்தன்றே மன்னிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

அவர் காவலரானதற்குக் காரணமும் நாற்காலிதான். விஞ்ஞானிகள் பவளத்தைப் பார்க்க வந்தார்கள். ஆனால் அதைவிட அதிகமாகக் கூட்டம் போட்டார்கள். உடைந்த பவளத் துண்டுகளை இரும்புச் சட்டத்தில் கட்டிக் கடலடியில் வளர்ப்பது திட்டம். ஜெர்மானியர்கள் வட்டச் சட்டம் என்றார்கள். ஜப்பானியர்கள் சதுரம் என்றார்கள். ஆஸ்திரேலியர்கள் சிலந்தி மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஜகார்த்தாக்காரர்கள் யாரையும் புண்படுத்த விரும்பாமல் மூன்றிலும் கொஞ்சம் எடுத்து ஒன்று செய்தார்கள். அதுதான் அடிக்கடி சாய்ந்தது. இதையெல்லாம் பேசித் தீர்க்க நாற்காலி வேண்டியிருந்தது. நாற்காலி கொண்டுவந்தவர், அதைத் திரும்ப எடுத்துப்போகக் கடைசி வரிசையில் காத்திருந்தார். கூட்டத்தில் இருப்பவருக்கு ஒரு பதவி இருந்தாக வேண்டும் என்பது திட்டத்தின் விதி. கொடுத்துவிட்டார்கள்.

வினை ஒரே வாரத்தில் இரண்டு தலையாட்டலாக வந்தது.

முதலில் விஞ்ஞானிகள் கூட்டம். ஜகார்த்தாவிலிருந்து வந்த டாக்டர் விராத்மி அவரிடம் திரும்பினாள். "பாஸ்காலிஸ் சார், அடுத்த வருசம் வரைக்கும் எங்க சட்டங்களை ஊர்ல யாரும் தொட மாட்டாங்கல்ல?" அன்று மாலை பக்கத்து ஊரில் கல்யாணம், நாற்காலி போயாக வேண்டும். அவர் தலையாட்டினார்.

பிறகு ஊர்க்கூட்டம். சட்டங்கள் நிற்கும் அதே பாறையில்தான் ஊர் எடுத்து விற்கும் லோலாச் சிப்பியும் விளையும்; யாரும் கை வைக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகத் தென்னங்குருத்தோலை கட்டி அது மூன்று வருடமாக மூடிக் கிடந்தது. தலைவர் யோசாஃபாத் கேட்டார்: "சனிக்கிழமை பூசை முடிஞ்சதும் ஓலைய அவுக்கறோம். பாறை முழுக்க நமக்குத்தான். சரிதானே மாப்ள?" அன்றைக்கும் எங்கோ ஒரு ஞானஸ்நானம். அவர் தலையாட்டினார்.

ஒரு தோணியில்கூடக் கால் வைக்க முடியாத மனிதர் இப்படியாக இரண்டு தோணியில் கால் வைத்தார். ஊரே முக்குளித்துப் பாறையை மிதித்தால் பிஞ்சுப் பவளம் அத்தனையும் நொறுங்கும். மிதிக்கக் கூடாதென்றால் ஊர் அவரை நொறுக்கும். எப்படியானாலும், வாக்குத் தவறியவனின் நாற்காலியில் கெய் தீவில் சாவு வீட்டுக்காரன்கூட உட்கார மாட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் தலைவர் வீட்டுக்குப் போனார்.

"அந்தச் சட்டங்களச் சுத்தி மட்டும் தனியா ஒரு ஓலை கட்டிக்கலாமாண்ணே?"

"தாராளமா கட்டு. யாரு பேர்ல?"

"நாலு நாட்டு பேர்ல."

"நாலு நாடுன்னா யாருப்பா? மூஞ்சி இருக்கா? தெரியாம ஒருத்தன் கைய வச்சிட்டான்னா, எவ வந்து வாசல்ல நின்னு அவன் பரம்பரையே நாறுற மாதிரி திட்டுவா? திட்ட ஆளில்லாத ஓலை வெறும் குப்பை, மாப்ள."

பாஸ்காலிஸுக்கு அந்தக் கணமே பெயர் கிடைத்துவிட்டது. கிடைத்தது அவருக்கே பிடிக்கவில்லை.

வெற்றிலை, பாக்கு, புகையிலையோடு மாமியார் வீட்டுப் படியில் போய் நின்றார்.

"என்ன, இங்க நாற்காலி யாரும் கேக்கலையே?" என்றாள் அகுஸ்தினா.

அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் பாக்கை மென்றுகொண்டே கேட்டாள்.

"அப்போ நாலு நாட்டுக்காரனும் உள்ள எறங்கணும்னா என்கிட்ட வந்து கேக்கணும்?"

"ஆமா அத்தை."

"வெத்தலையோட?"

"வெத்தலையோட."

அவள் முகத்தில் மருமகன் அதுவரை பார்த்திராத ஒன்று தெரிந்தது, சிரிப்பாக இருக்கலாம். "சரி. ஆனா நீயே போய்க் கட்டு. எம் மவனுங்கள அனுப்புனே, ஓலைய நானே அறுத்துப் போட்டுருவேன்."

மத்தியானம் அவசரக் கூட்டம். நாற்காலிகள் போடப்பட்டன. அறிக்கையில் ஒரு மாமியாரை எந்தத் தலைப்பின் கீழ் சேர்ப்பது என்று நெடுநேரம் பேசினார்கள். ஆனால் முடிவு ஒருமனதாக வந்தது. திட்டத்தின் வரலாற்றில் அதுவே முதல் தடவை. தன் சட்டம் இன்னொரு நாட்டின் பொறுப்பில் போவதைவிட ஒரு மாமியாரின் பொறுப்பில் இருப்பது மேல் என்று நான்கு நாட்டாரும் தனித்தனியாக நினைத்திருந்தார்கள்.

சாயங்காலம் கடல் எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. பாஸ்காலிஸ் படகில் ஒரு கால் வைத்ததுமே முதல் வாந்தி எடுத்தார். துடுப்பு போட்ட மூத்த மச்சான், "மச்சான், இன்னும் கயிறே அவுக்கல" என்றான். பாறை வரும் வரை அவர் படகின் விளிம்பைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடித் தலையைத் தொங்கப்போட்டிருந்தார். கிளிமீன்கள் கூட்டமாகப் பின்தொடர்ந்தன. இன்னொரு படகில் வந்த ஜப்பானிய ஆய்வாளர் மீன் வருகை திடீரென்று கூடியதாகப் பரவசத்தோடு குறித்துக்கொண்டார்.

சட்டங்களைச் சுற்றி ஊன்றிய மூங்கில் கழியில் ஓலையை வைத்து முடிச்சுப் போடத் தொடங்கினார். மாமியார் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது முறை. பாதிப் பெயர் வந்தது. மீதிக்குப் பதில் வேறென்னவோ வந்தது. துடைத்துக்கொண்டு முழுப்பெயரையும் மறுபடி சொல்லிக் கட்டினார்.

சனிக்கிழமை பூசை முடிந்து ஊர் ஓலை அவிழ்ந்தது. ஆணும் பெண்ணும் ஆரவாரத்தோடு குதித்தார்கள். படகு படகாகச் சிப்பி ஏறியது. சட்டங்கள் இருந்த பக்கம் மட்டும் ஒரு தலைகூட எழவில்லை. எல்லையைத் தாண்டியும் ஒரு படகு நீளத்துக்கு விட்டுவைத்தே மூழ்கினார்கள். அங்கே நல்ல பெரிய சிப்பிகள் இருந்தது எல்லாருக்கும் தெரியும். அகுஸ்தினா கரையில் ஒரு நீல நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலை, நான்கு நாட்டு விஞ்ஞானிகளும் வெற்றிலையோடு அவள் படியில் வரிசையாக நின்றார்கள்.

பாஸ்காலிஸ் தெத்தோல் பவளத்தை இன்றுவரை பார்த்ததில்லை. அவர் செய்தது, வழி நெடுக வாந்தி எடுத்துக்கொண்டே படகில் போய், மாமியார் பெயரைச் சொல்லி ஒரு தென்னங்குருத்தைக் கட்டிவிட்டு வந்தது.