மூன்று ராஜாக்களும் ஒரு டம்ளர் தண்ணீரும்

இஸ்திரிக்காரிக்கு அன்று மூக்குக்கு மேல் கோபம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் நின்றபடியே படுக்கை விரிப்புகளைத் தேய்த்துவிட்டு வந்தவளுக்குக் கால் இரண்டும் கடுத்தன. வீட்டில் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் டிவியில் ஏதோ ஒரு தேசத்து அரண்மனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாவம் அந்த ராஜா," என்றான் புருஷன். "சட்டைக்குப் பட்டன் போட்டுவிடக்கூட ஒரு ஆள் வேணுமாம். இதெல்லாம் ஒரு பொழப்பா?" கண்ணை டிவியிலிருந்து எடுக்காமலே கையை நீட்டினான். "தண்ணி கொண்டா."

டம்ளரோடு வந்தவள் கொடுக்காமல் நின்றாள். இவர் ராஜாவுக்குப் பாவம் பார்க்கிறாராம். தினமும் குளியலறைக்குள் போன பிறகு துண்டு கேட்டுக் கத்துகிற மனுஷன். பெரியவனுக்குத் தன் சாக்ஸ் எந்த அலமாரியில் இருக்கிறதென்று இருபத்தாறு வயதிலும் தெரியாது. சின்னவன் சாப்பிட்ட தட்டு, அவள் எடுக்கும்வரை அவன் உட்கார்ந்த இடத்திலேயே காயும்.

"அந்த ராஜா ஒருத்தருக்கு நாப்பது பேர் வேலை செய்யறாங்க," என்றாள். "இங்க மூணு ராஜாவுக்கும் நான் ஒருத்திதான்."

சின்னவன் டிவி சத்தத்தைக் குறைத்தான். புருஷன் உண்மையாகவே யோசித்தான். முகம்கூட இளகியது.

"நீ சொல்றதும் நியாயம்தான். ஒத்த ஆளா எவ்வளவுதான் செய்வ? பெரியவனுக்குச் சீக்கிரமா ஒரு கல்யாணத்தைப் பண்ணிடலாம்."

அவள் தண்ணீரை மடமடவென்று தானே குடித்தாள். காலி டம்ளரை, இன்னும் நீட்டியபடியே இருந்த அந்தக் கையில் வைத்தாள்.