தூணுக்குப் பின்னால் ஓர் ஒத்திகை

நான் ஒரு மடையன். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் என் மனைவி சொல்லிவிடுவாள்.

லீவுக்குச் சென்னைப் பக்கம் தீம் பார்க் போவதென்று முடிவானதிலிருந்து எனக்கு ஒரே கவலை. அந்தக் கூட்டத்தில் எல்.கே.ஜி. படிக்கும் மகள் தொலைந்துவிட்டால்? என் போன் நம்பரை அவளுக்கு மனப்பாடம் செய்வித்தேன். அப்படியும் மனசு ஆறவில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பூக்கடையோரம் அவளை நிற்க வைத்துவிட்டு, தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அவள் அழவே இல்லை. பூக்கார அம்மாவிடம் போய் நம்பரைப் பிசகாமல் ஒப்பித்தாள். அந்த அம்மா போன் போட்டார். நான் பெருமையாகச் சட்டைப்பையைத் தொட்டேன், காலி. போன் வீட்டில் சார்ஜில் இருந்தது.

“கொழந்த தனியா நின்னுக்கினு இருக்குதும்மா, ஜல்தி வாங்க!” என்று அவர் அந்தப் போனை எடுத்த என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாய்ந்து ஓடினேன்.

“பெத்த புள்ளய வுட்டுட்டு அங்க இன்னா பண்ணிக்கினு இருந்தய்யா?” என்று திட்டிக்கொண்டே போனை நீட்டினார்.

“ஒண்ணுமில்லம்மா, பார்க்குக்குப் போறதுக்கு ஒரு ஒத்திகை,” என்று மனைவியிடம் இளித்தேன்.

“பாப்பாவும் நானும் போய்க்கிறோம், நீங்க வீட்லயே இருங்க.”