செல்வியின் போன் போன வீடு

ஆரோக்கிய செல்வி வீடு எது என்று வில்லியனூர் பக்கம் வந்து கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். டைப்படிக்கிற செல்வி என்று கேளுங்கள், கோயில் தெருக் கடைசிவரை கூடவே வந்து விட்டுவிட்டுத்தான் போவார்கள். பெயர்ப்பலகை கிடையாது. முன்னறை ஜன்னலோரம் ஒரு நாற்காலி, உள்ளறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், பக்கத்தில் பிரிண்டர். கடை அவ்வளவுதான். ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, முதலாம் ஆண்டு நினைவு அட்டை என்று எது அச்சானாலும் அவள் கை பட்டுத்தான் வெளியே வரும். ஊரில் பிறப்பும் சாவும் எழுத்துப்பிழை இல்லாமல் நடக்கிறதென்றால் அந்தப் புண்ணியம் அவளைத்தான் சேரும்.

செலியமேட்டில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள் பெற்ற பெண். பன்னிரண்டாவது முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணி, இக்னேஷியஸைக் கட்டிக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்தாள். எட்டு வருஷம் ஒரு செருப்புக் கம்பெனியில் மேல்தோல் தைத்தாள். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கம்பெனியை மூடினார்கள். கூட வேலை பார்த்தவர்கள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்கள். செல்வியும் அழுதாள், ஆனால் அழுதுகொண்டே பிரவுசிங் சென்டருக்குப் போய் வேலை கேட்டாள். இன்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே மற்றவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக் கற்றது. தெரியாத ஒன்று எதிரே வந்து நின்றால் நமக்கெல்லாம் பயம் வரும். அவளுக்கு ரோஷம் வரும்.

அப்படிப்பட்டவளையே ஒரு சனிக்கிழமை அழவைக்கப் பார்த்தது அவளுடைய போன்.

அந்தத் தெருக் கோயிலுக்கு, சர்ச்சுக்குத்தான், இந்த வருஷம் நூற்றி இருபத்தைந்து வயது. அதற்காக ஒரு விழா மலர் போடுகிறார்கள். பங்கில், அதாவது அந்தச் சர்ச்சைச் சேர்ந்த, இருநூற்றிப் பதினாலு குடும்பத்துக்கும் ஒவ்வொரு படம், கீழே பெயர்கள். பங்குப் பேரவையில் இரண்டு பேர் டவுன் ஸ்டூடியோவுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். பங்குத்தந்தைதான், "நம்ம செல்வி இருக்கும்போது எதுக்கு டவுனு?" என்று சொல்லி வேலையை இவளிடம் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "ஒரு குடும்பமும் வுட்டுப்போவக் கூடாதும்மா." திங்கள்கிழமை காலையில் எல்லாம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். தவறினால் திருவிழாக் கொடியேற்றத்துக்கு மலர் வராது. வராவிட்டால் அந்த இரண்டு பேர் என்ன பேசுவார்கள் என்பது செல்விக்கு இப்போதே காதில் கேட்டது.

நாற்பது நாள் போனும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கினாள். எடுக்கிற படம் தானாகவே கம்ப்யூட்டருக்கு வந்து விழும்படி தவளக்குப்பத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பாக்யராஜ் ஓர் ஆப் போட்டுக் கொடுத்திருந்தான். போனில் சார்ஜ் போடும் ஓட்டை ஆடிப்போனது. சார்ஜ் ஏறும், கேபிள் போட்டுப் படம் ஏற்றலாம் என்றால் ஏறாது. வாட்ஸப்பில் அனுப்பினால் முகமெல்லாம் கலங்கிப்போகிறது. ஆகவே அந்த ஆப் ஒன்றுதான் வழி. அதுவும் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. பத்து நாளைக்கு முன்னால் திடீரென்று நின்றுபோனது. கடைசியாக எடுத்த நூற்றுச் சொச்சம் படங்கள் போனுக்குள்ளேயே கிடந்தன.

கடைசிக்கு என்று அவள் வைத்திருந்தது சொந்தத் தெருவை. ஏன் என்று தெருவுக்கே தெரியும். மாமனார் கட்டிய வீட்டை அவர் காலத்துக்குப் பிறகு நடுவில் ஒற்றைக்கல் சுவர் வைத்து இரண்டாக்கினார்கள். இந்தப் பக்கம் இக்னேஷியஸ், அந்தப் பக்கம் தம்பி யூஜின். சுவர் எழும்பிய அன்று மணலை யார் வாசலில் கொட்டுவது என்று தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போய், செல்வியின் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. யூஜினின் மனைவி மரிய செலினைப் பார்த்து, "நீ கால் வச்சப்புறம்தான்டி இந்த வூடு ரெண்டாச்சு" என்றாள். வாழவந்த பெண்ணுக்கு இதைவிடப் பெரிய சூடு வேண்டுமா? மூன்று வருஷமாகச் சுவரைத் தாண்டி மீன்குழம்பு வாசனை வரும், மிக்ஸி சத்தம் வரும், பேச்சு வராது. தப்பு தன்னுடையது என்று செல்விக்கு நன்றாகத் தெரியும். ஊருக்கே பிழை திருத்துகிறவளுக்குத் தன் வாயில் வந்த பிழையைத் திருத்தத் துணிவில்லை.

அதனால் இருநூற்றிப் பதினாலாவது படத்தை அவள் எடுத்த விதம் கொஞ்சம் வெட்கக்கேடானது. போன ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கலையும்போது மாதா சிலை வைத்த கெபிக்குப் பின்னால் ஒளிந்து நின்று, தூரத்தில் நடந்துபோன யூஜின் குடும்பத்தை இழுத்துப் பெரிதாக்கி எடுத்தாள். யூஜின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான், செலின் யாரையோ கூப்பிட வாயைத் திறந்திருந்தாள், அவர்கள் மகள் திரும்பி நின்றதில் பின்னல் மட்டும்தான் விழுந்தது. படமா அது! இருந்தாலும் ஒரு குடும்பம் விட்டுப்போகவில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போரைத் தொடங்கினாள். போனை அணைத்துப் போட்டாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். வைஃபை பெட்டியைப் பிடுங்கி, பத்து எண்ணி, மறுபடி சொருகினாள். ஆப்பைத் தூக்கிவிட்டுப் புதிதாகப் போட்டாள். அது கம்ப்யூட்டரில் கட்டம் போட்ட குறியீட்டைக் காட்டி ஸ்கேன் பண்ணச் சொன்னது, பண்ணினாள். ஒரு வட்டம் சுற்று சுற்றென்று சுற்றிவிட்டு, கம்ப்யூட்டரைக் காணவில்லை என்றது. "ஏன்டா, ஒரே வூட்ல இருக்கிறத காணலங்கிற, கண்ணு அவிஞ்சிபோச்சா?" என்று போனைத் திட்டினாள். பதினோரு மணிக்குப் பாக்யராஜைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ரெண்டும் ஒரே வைஃபைல இருக்குதா பாரு. அதான் முக்கியம்."

"இருக்குதுப்பா. போன்லயும் அந்தோணியார்னு காட்டுது, கம்ப்யூட்டர்லயும் அந்தோணியார்தான்."

"அப்ப வரணுமேக்கா."

"வரலியே!"

"திங்கக்கெழம எடுத்தாந்து குடு, பாக்குறேன்."

திங்கட்கிழமை என்ற சொல்லைக் கேட்டதும் செல்வி போனைத் துண்டித்தாள். நாற்பது நாள் வெயிலில் அலைந்தது இந்த வட்டம் சுற்றுவதைப் பார்க்கத்தானா என்று இருந்தது. முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனில் இருக்கும் ஒவ்வொரு பட்டனாகத் தொட்டுப் பார்த்தாள். படங்களைத் திறந்தால் ஓரத்தில், பக்கத்தில் இருக்கும் கருவிக்கு அனுப்பவா என்று ஒரு குறி. தொட்டாள். ஒரே ஒரு பெயர் வந்தது, இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் கலந்து. அவள் கம்ப்யூட்டருக்கும் வாங்கின நாளிலிருந்து அப்படி ஒரு வாயில் நுழையாத பெயர்தான். இதுதான் என்று நினைத்து, எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து, மாதாவே என்று அழுத்தினாள். இணைந்தது என்று பச்சையில் வந்தது! படங்கள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின. சந்தோஷம் தாங்காமல் போனுக்கே ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, பாதியில் விட்ட குழம்பைக் கவனிக்க அடுப்படிக்குப் போனாள்.

கால்மணி நேரம் கழித்து உள்ளறைக்கு வந்து பார்த்தால் கம்ப்யூட்டரில் ஒரு படமும் இல்லை. அவ்வளவும் எங்கே போனது என்று தலையில் கைவைத்த நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. மூன்று வருஷமாக அந்தப் படியை மிதிக்காத மரிய செலின், கையில் டிவி ரிமோட்டோடு நின்றிருந்தாள்.

"என் மூஞ்சி எப்புடி என் டிவில வந்துது?"

செல்விக்கு ஒன்றும் புரியவில்லை.

"சீரியலு பாத்துக்கினு இருந்தேன். டக்குனு போயிட்டு வடக்குத்தெரு அமுதம் வூட்டு ஆளுங்க வர்றாங்க. அப்புறம் பால்காரர் வூடு, அப்புறம் டீச்சர் வூடு. கேபிள்ல கோயில் நிகழ்ச்சி போடுறாங்கன்னு ஒக்காந்து பாக்குறேன், கடசில நாங்க வர்றோம். வாயப் பொளந்துக்கினு நிக்கிறேன். இன்னா இது?"

செல்விக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒளிந்து நின்று எடுத்ததை எடுக்கப்பட்டவள் வீட்டு நாற்பத்திமூன்று இன்ச் டிவியிலேயே போட்டுக் காட்டியிருக்கிறாள். என் போனு உன் டிவிக்கு எப்படிப் போகும் என்று அவள் தடுமாற, இரண்டு பேரும் பேச்சு வார்த்தை இல்லாததை மறந்து, வைஃபை போட்டுக் கொடுத்த சேவியருக்கு ஸ்பீக்கரில் போன் பண்ணினார்கள்.

"பத்து நாள் முன்னாடிதான் யூஜின் அண்ணன் வூட்டுக்குப் புதுசா போட்டேன்" என்றான் சேவியர். "அதுக்கும் அந்தோணியார்தான் வச்சேன்."

"பாஸ்வேர்டு?"

"அதே பாஸ்வேர்டுதான். அந்தத் தெரு பூரா அதான். ஆளுக்கு ஒண்ணு வச்சா மறந்துட்டு எனக்கு போன் அடிச்சே கொல்றாங்கக்கா."

விஷயம் அப்போதுதான் விளங்கியது. செலின் வீட்டு வைஃபை பெட்டி முன்னறைச் சுவரின் அந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது, அவள் டிவியும் அதோடுதான் இணைந்திருக்கிறது. செல்வியின் சொந்தப் பெட்டி உள்ளறையில். முன்னறையில் உட்கார்ந்தால் போன் எது கிட்டத்தில் பலமாக இருக்கிறதோ அந்த அந்தோணியாரிடம் போய் ஒட்டிக்கொள்கிறது, உள்ளறைக்கு வந்தாலும் விடுவதில்லை. புனிதர் ஒருவர்தான், வீடு இரண்டு. பத்து நாளாகச் செல்வி போக மாட்டேன் என்ற வீட்டுக்கு அவள் போன் தினமும் போய்வந்திருக்கிறது. சேவியர் அங்கிருந்தே யூஜின் வீட்டு வைஃபை பெயரை மாற்றிவிடுவதாகச் சொன்னான். செலின் பாத்திமா மாதா என்று வைக்கச் சொன்னாள். வைத்த இரண்டாவது நிமிஷம் உள்ளறையில் படங்கள் பொலபொலவென்று வந்து விழுந்தன.

செல்வி உட்கார்ந்து அழுதுவிடுவாள் போல இருந்தாள். செலின் இன்னும் போகவில்லை.

"எங்கள எதுக்கு ஒளிஞ்சி நின்னு எடுத்த?"

"பாதர் யாரையும் வுடக்கூடாதுன்னாரு..." என்று தொடங்கி, அது முழு உண்மை இல்லை என்று செல்விக்கே தோன்றியது. "உங்கள வுட்டுட்டு புக்கு போட எனக்கு மனசு வரல செலினு."

"வந்து கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா கதவத் தொறந்திருப்பியா?"

"தொறந்திருக்க மாட்டேன்."

"அன்னிக்கு நான் அப்புடி சொல்லியிருக்கக் கூடாது. என் வாயில புத்து வைக்க."

"சொல்லிட்டல்ல. சோறு ஆக்கும்போது, துணி துவைக்கும்போது, எப்பவும் காதுல அதேதான் கேக்குது." செலின் சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டு, சட்டென்று அதட்டினாள். "மொதல்ல அந்த போட்டோவ அழி. அவரு சவாரி முடிச்சி அஞ்சு மணிக்கு வருவாரு. நீலப் பட்டு கட்டிக்கினு வர்றேன், ஒழுங்கா எடு."

ஐந்து மணிக்கு எடுத்தாள். யூஜின் ஆட்டோக் காக்கியைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். மகள் இந்த முறை முகத்தைக் காட்டினாள். அதற்குள் ஷிப்ட் முடிந்து இக்னேஷியஸ் வந்துவிட்டார். தம்பியை வாசலில் பார்த்துவிட்டு, சைக்கிளை எங்கே சாத்துவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். "இன்னாண்ணா, வெயிலு எப்புடி?" என்றான் யூஜின். "இருக்குது" என்றார் அவர். ஆண்களுக்கு அதுவே அதிகம்.

வேலை முடிந்தது, எல்லாக் குடும்பமும் வந்தாயிற்று என்று செல்வி போனை மடியில் செருகப் போனாள். செலின் கையை நீட்டினாள்.

"குடு இங்க."

"எதுக்கு?"

"எங்க போட்டோவுக்கு முன்னாடி உங்க வூட்டு போட்டோவும் டிவில வந்துது. மாமா இருக்குறாரு, உன் பொண்ணு ஸ்டெல்லா இருக்குறா. நீ எங்க?"

"நான்தான எடுத்தேன்? எடுக்குறவ எப்புடி உள்ள வர்றது? கீழ பேரு இருக்குது, அது போதும்."

"ஊருல ஒருத்தரையும் வுடாம எடுத்துட்டு உன்ன வுட்டுட்டியே" என்றாள் செலின். "போய் அவங்க நடுவுல நில்லுக்கா."

செலின் வாயிலிருந்து அக்கா என்ற அந்தச் சொல்லைக் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. செல்வி புருஷனுக்கும் மகள் ஸ்டெல்லாவுக்கும் நடுவில் போய் நின்றாள். சிரிக்கச் சொன்னார்கள், முடிந்தமட்டும் சிரித்தாள். உள்ளறையில் கம்ப்யூட்டர் ஒரு தடவை டிங் என்றது.

திங்கட்கிழமை காலை பங்குத்தந்தை பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். எண்ணிக்கை சரி, பெயர்கள் சரி. கோயில் தெருப் பக்கத்தில் வந்து நிறுத்தினார்.

"ஏம்மா, உன் படத்துல கண்ணெல்லாம் செவந்துபோயிருக்கே. வேற நல்லது இல்லியா?"

"இல்ல பாதர், இதான் நல்லது" என்றாள் செல்வி.