வைக்கோல் கன்றும் முந்திரிப் பாயசமும்

இதை எழுதலாமா, வேண்டாமா... வருஷக்கணக்காக யோசித்துவிட்டேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் மின்வெட்டு, பஸ் சண்டை, பூண்டு விலை என்று எதையெதையோ உங்களோடு பேசியிருக்கிறேன். இதை மட்டும் தொட்டதில்லை. படித்தவர்கள் சிரிப்பார்கள். பக்தியுள்ளவர்கள் சூடம் ஏற்றக் கிளம்பிவிடுவார்கள். இரண்டுக்கும் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன வாரம்தான் புரிந்தது, மூடிக்கொண்டிருந்தது தப்பு என்று.

தேவதானப்பட்டியில் ஒரு காதுகுத்து. கறி விருந்து. நான் எனக்கென்று வெறும் சோறும் ரசமும் கேட்டு வாங்கி, நெய் ஊற்ற வந்தவரை இலை மேல் கையை விரித்துத் தடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு இளம்பெண், மடியில் சின்ன மகள். பேச்சுவாக்கில் சொன்னாள், பிள்ளைக்கு நிலக்கடலை ஆகாதாம். வாயில் பட்டாலே முகம் வீங்கி மூச்சு இழுக்குமாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

"ஆனா இனிமே பயமில்லம்மா," என்றாள். "வடுகபட்டியில ஒரு அம்மாவுக்கும் இப்படித்தானாம். முந்திரி பட்டாலே உசுருக்கு ஆபத்து. சாமிக்குப் படைச்ச முந்திரிப் பாயசத்த ஒரு டம்ளர் முழுசாக் குடிச்சாகளாம். ஒண்ணுமே செய்யலையாம்! அதான் வர்ற வெள்ளிக்கிழம கோயில்ல கடல உருண்ட படைச்சு, இவளுக்கு ஊட்டிவிடப் போறேன்."

எடுத்த சோறு என் கையிலேயே நின்றுவிட்டது.

அந்த வடுகபட்டி அம்மா யார் தெரியுமா? நான்தான்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குப் பூண்டு வியாபாரம். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் அப்போது ஒரு பசு இருந்தது. செவலை நிறம், பேரும் செவலை. ஒரு ஈத்தில் கன்று பிறந்த சில நாளிலேயே செத்துப்போனது. கன்று முகத்தைப் பார்க்காமல் அது பால் சுரக்க மாட்டேன் என்றது. கறவைக்காரர் என்ன செய்தார்? செத்த கன்றின் தோலை உரித்துக் காயவைத்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்தார். காலுக்கு நாலு குச்சி. கண் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. அதைக் கொண்டுவந்து செவலைக்கு முன்னால் நிறுத்தினார்.

இது எங்கள் பக்கம் புதுசில்லை. நானும் சின்ன வயசிலிருந்து பார்த்ததுதான். ஆனால் அன்றைக்குச் சொம்போடு கொட்டகை வாசலில் நின்று கவனித்தேன்.

செவலை அதை நக்கியது. நெற்றியை மட்டும். திரும்பத் திரும்ப அதே இடத்தை. நாக்கு பட்டுப் பட்டு அங்கே ரோமம் ஈரமாகிப் படிந்துபோயிருந்தது. உள்ளே வைக்கோல் சரசரவென்றது. நக்கிக்கொண்டே தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள்...

அது வைக்கோல் என்று மாட்டுக்குத் தெரியும். தெரிந்துதான் நக்குகிறது.

அன்றைக்குக் காபி தொண்டையில் இறங்கவில்லை. மறுநாள் மோர் இறங்கவில்லை. குலசாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். எங்கள் குலசாமி பெண் தெய்வம். ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். "ஆத்தா, இனி ஒரு உசுருகிட்ட இருந்து பிடுங்கிச் சாப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பால், தயிர், நெய், முட்டை, கறி, எல்லாம் அதோடு போயிற்று.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் போனில் சிரித்தான். "அம்மா, நீ வீகன் ஆயிட்டம்மா!" எனக்கு அது ஏதோ நோயின் பேர் மாதிரிக் கேட்டது.

பாலை விடுவது கஷ்டம் என்றா நினைக்கிறீர்கள்? அது சுலபம். பாலுக்குப் பதில் என்ன? அங்கேதான் எனக்குச் சிக்கல். நிலக்கடலை, முந்திரி, பாதாம், எதுவும் என் உடம்புக்கு ஆகாது. பிறவியிலேயே அலர்ஜி. ஒருமுறை பேக்கரி கேக்கில் முந்திரித்தூள் இருந்தது தெரியாமல் தின்று, உதடு வீங்கி, தொண்டை அடைத்து, பெரியகுளத்துக்குத் தூக்கிப்போனார்கள். ஊசி போட்ட டாக்டர், "இன்னொரு தடவ இப்படி ஆனா, இங்க வந்து சேர்றதுக்கு நேரம் இருக்குமான்னு சொல்ல முடியாதும்மா" என்றார். சத்தம் போடாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

மகனோ மொபைலைப் பார்த்து வரிசையாக வாசிக்கிறான். கடலைப் பால், முந்திரிப் பால், பாதாம் பால்... "ஏலே, பெத்தவளக் கொல்லப் பாக்குறியா?" என்றேன். மிஞ்சியது தேங்காய்ப் பால். இந்தப் பள்ளத்தாக்கில் தேங்காய்க்கு என்ன பஞ்சம்? கேப்பைக் கூழ், பயறு, கீரை, கருப்பட்டி போட்ட கடுங்காப்பி... தெம்பாகத்தான் இருந்தேன்.

வீட்டுக்காரர் செவலையை விற்றுவிட்டார். புரோக்கர், "கம்பத்துல ஒரு வீட்டுல வளக்கக் கேட்டாக" என்றார். லாரி கம்பத்தில் நின்றதா, குமுளி மலை ஏறிக் கேரளத்துக்கு அடிமாடாகப் போனதா என்று நாங்களும் கேட்கவில்லை. வைக்கோல் கன்றைச் சாக்கில் கட்டி, கொட்டகைப் பரணில் போட்டார். அடுத்த மாடு வாங்கினால் உதவுமாம்! கொட்டகையில் பூண்டு மூட்டைகள் ஏறிவிட்டன.

அடுத்த பங்குனியில் வீட்டில் சாமி கும்பிட்டோம். போடியிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா வந்திருந்தார்கள். மதினி என்று கூப்பிடுவேன். சமையலில் கெட்டிக்காரி. பாசத்தில் அதைவிடக் கெட்டிக்காரி. படையல் முடிந்து எல்லோரும் முன்கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மதினி அடுப்படிக்கு ஒரு டம்ளரோடு வந்தார்கள். உச்சி நேரம்.

"ஏத்தா, இந்தா பாயசம். பாலு ஒரு சொட்டு இல்ல. நெய்யும் இல்ல. ஒனக்குன்னே தனிச் சட்டியில காச்சுனது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பாலில்லாம எப்படி மதினி இம்புட்டு வெள்ளையா இருக்கு? தேங்காப் பாலா?"

"அதத்தான் தெனமும் குடிக்கிறியே. இது முந்திரிய ஊறப்போட்டு, வெண்ணெ மாதிரி அரைச்சு ஊத்துனது."

"மதினி! எனக்கு முந்திரி ஆகாதுல்ல?"

"தெரியும்த்தா. அதுக்குத்தான ஆத்தாளுக்குப் படைச்சுட்டுக் கொண்டாந்தேன்! இப்ப இது முந்திரியா? பிரசாதம். ஆத்தா கொடுத்தது பிள்ளையக் கொல்லுமா?"

மதினி டம்ளரை என் கையில் திணித்தார்கள்.

"டாக்டரு சொன்னாக் கேப்ப. ஆத்தா சொன்னாக் கேக்க மாட்டியாக்கும்?"

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பிரசாதம் என்று கொடுத்ததை நான் வாழ்நாளில் மறுத்ததில்லை. மறுத்தால் ஆத்தா மேலேயே சந்தேகம். குடித்தால்... பெரியகுளத்து டாக்டர் முகம் வந்து நிற்கிறது. டம்ளரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "நீயே பாத்துக்க ஆத்தா" என்று உதட்டுக்குக் கொண்டுபோனேன்.

"ம்மாஆஆ..."

பின்பக்கம் இருந்து. நீளமாக. கடைசியில் கரகரத்து உடைகிற குரல். எனக்கு அந்தக் குரல் தெரியாதா?

என் மனப்பிரமை என்று நினைத்திருப்பேன். ஆனால் மதினி கொல்லைக் கதவுப் பக்கம் திரும்பி, "எப்பத்தா மாடு வாங்குனீக? சொல்லவே இல்ல?" என்றார்கள்.

"மாடு இல்ல மதினி."

"அப்ப கத்துனது?"

இருவரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டோம். மதினி முன்னால் போக, நான் டம்ளரும் கையுமாகப் பின்னால் போனேன். கொல்லையில் வெயில் தவிர ஒன்றுமில்லை. கொட்டகைக் கதவைத் தள்ளினோம். பூண்டு மூட்டைகள். பூண்டு வாடை. அதற்கு நடுவில், எங்கிருந்தோ, பால் கறக்கும் நேரத்து வாடை...

பரணில் சாக்கின் வாய் அவிழ்ந்திருந்தது. கன்றின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண் இல்லாத அந்த இரண்டு ஓட்டையும் எங்களையே பார்த்தன.

மதினி தைரியக்காரி. மூட்டை மேல் ஏறி அதன் நெற்றியைத் தொட்டார்கள். தொட்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்கள்.

"ஏத்தா... ஈரமா இருக்குத்தா."

நானும் ஏறித் தொட்டேன். ரோமம் ஈரமாகி, ஒரே பக்கமாகப் படிந்திருந்தது. அதே இடம். அந்த மாதம் எங்கள் ஊரில் ஒரு தூறல்கூட இல்லை. எலி என்பவர்கள் எலி என்று சொல்லிக்கொள்ளுங்கள். எலி பட்ட ஈரம் வெதுவெதுப்பாக இருக்குமா?

மதினி இறங்கி வந்தார்கள். என் கையிலிருந்த டம்ளரை மெதுவாக வாங்கினார்கள். பிரசாதத்தைக் கீழே கொட்டக் கூடாதல்லவா? ஒரே மூச்சில் தானே குடித்துவிட்டு, காலி டம்ளரை என் கையில் கொடுத்தார்கள். "நீ குடிக்க வேணாம்த்தா" என்றார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்கு அவர்கள் முந்திரி நீட்டியதே இல்லை.

அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் மறுபேச்சுப் பேசாமல் தென்னைக்கு அடியில் குழி தோண்டினார். கன்றை மஞ்சள் குங்குமம் வைத்துப் புதைத்தோம். அந்தக் குரலை அப்புறம் நான் கேட்கவில்லை.

ஆனால் முன்கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பார்த்தது எதை? காலி டம்ளரோடு நான் திரும்பி வந்ததை. மதினி மாடு கத்திய கதையை வாய் ஓயாமல் சொல்ல, கேட்டவர்கள் காலி டம்ளரை அதோடு சேர்த்துவிட்டார்கள். ஊர் ஊராகப் போகப் போக மாடு கழன்றுவிட்டது. கன்று கழன்றுவிட்டது. 'குடித்தாள், ஒன்றும் செய்யவில்லை' என்பது மட்டும் மிஞ்சி, தேவதானப்பட்டிப் பந்தியில் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது... மடியில் ஒரு பிள்ளையோடு!

அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏத்தா, அந்த வடுகபட்டிக்காரி நான்தான். நான் குடிக்கல."

அவள் முகம் வாடிவிட்டது. பாவம், எவ்வளவு நம்பிக்கையோடு இருந்திருப்பாள்! "அப்ப ஆத்தா காப்பாத்தலையாம்மா?"

"காப்பாத்துனா. குடிக்கவிடாமக் காப்பாத்துனா."

அவள் மகள் இலையில் இருந்த இனிப்பை எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொண்டாள்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொன்னால் இப்படியே சொல்லுங்கள். சாமியை நம்பாதவர்கள் மாட்டைக் கழற்ற வேண்டாம். நம்புகிறவர்கள் முந்திரியைக் கழற்ற வேண்டாம். எல்லா வீட்டுக் கொல்லையிலும் ஒரு செவலை வந்து கூப்பிடும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது.

முக்கியமாக, அந்த டம்ளரைக் காலி செய்தது நான் இல்லை.