வெடிப்புக்குள் விழுந்த கோல்

கோல் முன்னுள்ள வட்டத்துக்குள்ளிருந்து அடித்த பந்து கோல் கோட்டை முழுதாகக் கடந்துவிட்டால் அது கோல். ஹாக்கி விதி அவ்வளவுதான். நேற்று தொலைக்காட்சியில் ஒரு நடுவர் நான்கு முறை காணொளியைப் போட்டுப் பார்த்துக் கோல் கொடுத்தார். எனக்கு எங்கள் ஊர் ஆட்டம் ஒன்று ஞாபகம் வந்தது.

எனக்கு ஒன்பது வயதில் நடந்த இறுதியாட்டம் அது. கோடை வெயிலில் கரிசல் மைதானம் வெடித்துக் கிடந்தது. ஒரு கோல் பின்தங்கி நின்ற எங்கள் கோவில்பட்டி அணி கடைசி நிமிடத்தில் அடித்த பந்து, கோட்டைத் தாண்டி ஒரு வெடிப்புக்குள் விழுந்து மறைந்தது.

"பந்து எங்கேய்யா? கோல் இல்லை" என்றார் வெளியூர் நடுவர்.

தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த அப்பா ஓடிப்போய், முழங்கை வரை கையை விட்டுப் பந்தை எடுத்தார். "இந்தா கிடக்குல்லா, கண்ணு தெரியலையா ஓய்?"

நடுவர் அசையவில்லை. கோப்பை எதிரணிக்குப் போனது. அப்பா அன்றே ஹாக்கி சங்கத்துக்குப் புகார் எழுதினார்.

"அவிய பதில் போட்டுட்டுத்தான் மறுவேலை பாப்பாவ!" என்று அம்மா சிரித்தாள்.

"போடுவாவ. ஆட்டத்தைத் திரும்ப ஆடச் சொல்லுவாவ. கோப்பை நம்ம ஊருக்குத்தான், நீ பாரு."

விதிப்படி ஒரு வாரத்தில் பதில் வரவேண்டும். அப்பா தினமும் தபால்காரரை வழிமறித்தார். ஐப்பசி மழையில் கரிசல் ஊறி, வெடிப்பெல்லாம் மூடிக்கொண்ட பிறகுதான் சங்கம் மைதானத்தைப் பார்வையிட ஆள் அனுப்பியது. "வெடிப்பு எதுவும் காணப்படவில்லை, புகார் தள்ளுபடி" என்ற பதில் வந்த தேதி, கார்த்திகை ஒன்று.